தங்கப்பொண்ணு நடந்து வந்த தண்டவாளம்

தங்கப்பொண்ணு என் அத்தை மகள். அத்தை என் அப்பா நல்லகாமனுக்கு ஒரே தங்கச்சி. அந்தத் தங்கச்சி பெற்றதும் இவள் ஒருத்திதான். ஊர் சோழவந்தான். எனக்கு ஐந்து வயது இளையவள் என்பதால் மதினி என்று கூப்பிடுவாள். நான் வாக்கப்பட்டுப் பழங்காநத்தம் வந்தேன். பின்னாலேயே இவளும் வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் ஒரே அப்பளக் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷம் அப்பளம் தேய்த்தோம். எங்களோடு ஜெயக்கொடி. அவள் தங்கப்பொண்ணுக்கு உயிர். ஒரே தூக்குச்சட்டியில்தான் இரண்டு பேருக்கும் மத்தியானச் சோறு.

நல்ல நாட்கள் அவை. தங்கப்பொண்ணு இருந்தால் கொட்டகையே சிரிக்கும். மேஸ்திரி தும்முவது மாதிரி தும்மிக் காட்டுவாள், மாமியார் ஜோசியரிடம் ஏமாந்ததைச் சொல்வாள். எதையும் சிரித்துத்தான் சொல்வாள். அதுவே அவளுக்கு வினையானது.

ஒரு மத்தியானம் மாடியில் அப்பளத்தைக் காயப் போட்டுவிட்டுப் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஜெயக்கொடி தன் பேத்தி காதுகுத்துக்குச் சீர் சரியில்லை என்று புலம்பினாள்.

"ஒன் மாமன் மாதிரி வருமாடி? கூடப்பிறந்தவன் இல்லன்னு ஒன் மக சடங்குக்கு அவரே வந்து நின்னாரே! அம்புட்டுத் தட்டு!" என் அப்பாவைத்தான் சொன்னாள்.

தங்கப்பொண்ணு சிரித்தாள். "அந்த மாமன்தான்டி என்னைத் திண்டுக்கல்லுல வீட்டு வேலைக்கு விட்டாரு. பதினோரு வயசு. அந்த வீட்டம்மா கரண்டியக் காய வச்சு முதுகுல இழுத்தா. ஓடியாந்துட்டேன். தண்டவாளத்தப் பிடிச்சு ரெண்டு நாளு, நடையா நடந்து வந்தேன்."

"போடி, மேஸ்திரி தும்முற கதையில இதும் ஒண்ணா?"

"சத்தியமாடி."

"பதினோரு வயசுப் பிள்ள அம்புட்டு தூரம் நடக்குமா? அதும் தாய்மாமனா? மடியில உக்கார வச்சு ஒனக்குக் காது குத்துன மனுசன்டி. செத்தவரப் போயி இல்லாததச் சொல்லாத."

தங்கப்பொண்ணு அதற்கும் சிரித்தாள். ஆனால் மறுநாள் தனியாக ஒரு டப்பாவில் சோறு கொண்டு வந்தாள். கொட்டகையில் ஒரு வாரம் சத்தமே இல்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போகிற வழியில் என்னிடம் கேட்டாள்: "ஊரு நம்பாட்டிப் போகுது மதினி. ஜெயா நம்பலையே. இம்புட்டு வருசத்துல அவ ஒருத்திகிட்டதான வாயத் தொறந்தேன்?"

நான் நடையை எட்டிப் போட்டேன். திண்டுக்கல்லிலிருந்து அவள் நடந்து வந்து சேர்ந்த அன்றைக்கு உள்ளங்காலில் ஏறியிருந்த ஜல்லியையும் முள்ளையும் ஊசியால் எடுத்தது நான்தான். ஜெயக்கொடியிடம் அவள் சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரியும். என் முகத்துக்காகத்தான் விட்டிருந்தாள். அப்பா எனக்கு எப்படிப்பட்டவர்! அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்துக்கு மேலே என்னைத் தோளில் தூக்கிக் காட்டியவர். கை வலித்தாலும் இறக்கிவிட மாட்டார். அவரை நாலு பேர் முன்னால் எப்படி விட்டுக்கொடுப்பது?

அப்படியே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் மாடிப் படிக்கட்டு நிழலில் தங்கப்பொண்ணு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை.

"ஜெயா, அவ சொன்னது நெசம்."

"நீங்களுமாக்கா?"

"அவ கால்ல முள்ளு எடுத்தவ நான். அவ ஒங்கிட்டப் பாதிதான் சொல்லிருக்கா. வந்த எட்டாம் நாளு எங்கப்பா அவளை மறுபடி அதே வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வந்தாரு. அழுதுக்கிட்டே போனா. வாசப்படியில நின்னு பாத்தேன். வேணாம்ப்பான்னு ஒரு வார்த்த சொல்லல."

தங்கப்பொண்ணு திரும்பி, "விடுங்க மதினி" என்றாள். ஜெயக்கொடி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாந்தடவ எப்புடிடி வந்த?"

அன்றைக்குத் தங்கப்பொண்ணு சிரிக்காமல் பேசினாள். எனக்கே தெரியாததெல்லாம் வந்தது. ஜெயக்கொடி "ம்", "பெறகு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் அப்பளம் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார். நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை.