படியில் கிடந்த செருப்புகள்

அந்த நாட்களில் பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஏசி அறை, தூசு போனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. செங்கல்பட்டு பஜாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சென்டருக்கு ஏறும் படியெல்லாம் அதனால் செருப்பாகக் கிடக்கும். நான் மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதலில் அந்தப் படியைத்தான் பார்ப்பேன். உள்ளே திரைகள் ஆறு. வெளியே ஜோடிகள் எப்போதும் அதற்கு மேல். தேய்ந்த ரப்பர், அறுந்து தைத்த தோல், குதிகால் உயர்ந்தது, குழந்தை நடந்தால் பீப்பீ என்று ஊதுவது. ஒரு திரைக்கு முன்னால் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. விண்ணப்பத்தில் அதற்கு டிஜிட்டல் தொழில்நுட்பமும் நகர வாழ்வும் என்று பெயர்.

"இன்னா ப்ரொபசரே, இன்னிக்கி எத்தினி ஜோடி?" என்பார் சென்டர்காரர். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிட்டது. "செருப்பப் பாத்துகினு ஒக்காந்தா ஸ்காலர்ஷிப் தர்றான். எனக்கு இது தெரியாமப் போச்சே."

முதல் வருடம் முடியும்போது, உதவித்தொகையை நீட்டிக்கும் குழுவில் ஒரு பேராசிரியை கேட்டார்: செங்கல்பட்டை எப்படி நகரம் என்கிறீர்கள்? ரயில் மாறுகிற ஊர் அல்லவா? நேரில் பார்த்துவிட்டுச் சொல்வதாக முடித்துக்கொண்டார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் உதவித்தொகை அத்தோடு நின்றுவிடும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வருகிறார் என்று பாயிடம் சொன்னேன். எதற்கு வருகிறார் என்பதையும் சொன்னேன்.

"நீ கவலப்படாத. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அன்றைக்குப் படியில் ஒரு செருப்புகூட இல்லை.

பினாயில் போட்டுக் கழுவியிருந்தது. உள்ளே ஊதுபத்தி மணம். கீபோர்டுகளுக்கு உறை, மானிட்டர்களின் மேல் பூப்போட்ட துணி. நாற்காலிகள் எல்லாம் காலி. ஜும்மா தொழுகைக்குப் போட்ட வெள்ளை ஜிப்பாவைக் கழற்றாமல் பாய் நின்றிருந்தார்.

"கஸ்டமரெல்லாம் எங்க பாய்?"

"அஞ்சு மணிக்கு மேல வாங்கன்னு சொல்லிட்டேன். மெட்ராஸ்லேர்ந்து பெரிய மேடம் வர்ற நேரத்துல கசகசன்னு கெடந்தா உன் மரியாத இன்னா ஆவறது?"

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செய்வதைச் செய்திருந்தார்.

பேராசிரியை வந்தார். தோல்செருப்பைப் படியோரம் கழற்றி வைத்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாய் நீட்டிய பாதாம்பாலைக் குடித்தபடி, "அமைதியான இடம்," என்றார். ஒரு வருட ஆய்வை இரண்டே சொல்லில் மூடலாம் என்று தெரிந்தது.

அப்போது படியில் பீப்பீ என்றது.

முன்னால் ஒரு மாமியார், பின்னால் மருமகள், நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரி. மருமகளின் கணவன் ஷார்ஜாவில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வெப்கேமில் வருவான். பாய் வாசலை மறித்தார்.

"மாமி, அஞ்சு மணின்னு சொல்லி அனுப்பினேனே!"

"எம்புள்ளைக்கு இந்த நேரந்தான் லீவு. மாத்தணும்னா நீயே ஷார்ஜாவுக்குப் போன் போட்டு சொல்லு. நவுரு பாய்."

பாய் நகர்ந்தார். எல்லோரும் வெறுங்காலோடு நுழைந்தார்கள், பேரனைத் தவிர. இந்த வாரம்தான் நடக்க ஆரம்பித்திருந்தான். அந்தச் சத்தம் கேட்டால்தான் அடியெடுத்து வைப்பானாம். அப்பன் அதை இன்னும் பார்க்கவில்லை.

ஹெட்போன் ஒன்றுதான். அது மாமியின் காதில். மகன் சொல்வதை அவர் அறைக்கே திருப்பிச் சொன்னார்.

"தர தெரிலன்றான். கேமராவக் கீழ புடிக்கச் சொல்றான்." சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் பேராசிரியை. "ஏம்மா, சும்மாதான நிக்கிற? இதக் கொஞ்சம் புடி."

பேராசிரியை கேமராவோடு தரையில் குத்துக்காலிட்டார். பிள்ளை வாசலிலிருந்து ஊதிக்கொண்டே வந்தான். நடுவில் விழுந்தான். யாரும் தூக்கவில்லை. தானே எழுந்து வந்து பேராசிரியையின் மூக்கைப் பிடித்தான். திரையில் ஒரு முகம் பெரிதாகி, பிறகு கையால் மூடிக்கொண்டது.

"யாரு அந்த அம்மான்றான்," என்றார் மாமி, கொஞ்ச நேரம் கழித்து.

"மெட்ராஸ் டீச்சருங்க!" என்று மருமகள் மைக்கில் கத்தினாள். பேராசிரியை ஷார்ஜாவுக்குக் கையாட்டினார்.

"ஜன்னலாண்ட திருப்பச் சொல்றான். பஜாரு தெரியுமான்றான்."

வயர் எட்டவில்லை. பேராசிரியை இழுத்துப் பார்த்தார். பாய் ஜன்னலைத் திறந்தார். ஏசி வெளியே போயிற்று, வெயிலும் ஹாரனும் உள்ளே வந்தன.

"சத்தம் கேக்குதாம். போதும்ன்றான்."

ஒரு பஸ் ரிவர்ஸ் எடுக்கும் விசில் மட்டும் மேலே வந்தது.

கிளம்பும்போது பேராசிரியையின் செருப்பைக் காணவில்லை. குவியலில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இவ்வளவும் ஒரே கம்ப்யூட்டருக்கா?" என்றார்.

"ஒரே ஆளுக்கு மேடம்," என்றார் பாய். "அவன் செருப்பு ஷார்ஜாவுல கீது."

பேராசிரியைக்கு ஒன்று அகப்பட்டது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "குழுவுக்கு நான் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சென்னைக்கு வரவேண்டாம். இங்கேயே தொடருங்கள்."

இன்னொன்று நாத்தனார் ஒருத்தியின் செருப்புக்கு அடியில் இருந்தது. அதற்குள் ஐந்து மணிக்காரர்கள் ஏறி வரத் தொடங்கிவிட்டார்கள்.