நடுவில் வெட்டிய பாசி

ஒருவர் தன் வாழ்நாளில் ஒரே ஓர் உயிருக்குத்தான் பெயர் வைத்தார். அப்படித் தனியாக ஓர் உயிர் இல்லை என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் அத்தனை வருடம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதை? வெர்னா டிங்லியை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் வருகிறது.

ஃபண்டி விரிகுடாக் கரையில் எங்கள் கல்லூரியின், காய வைத்த பாசித் தாள்களின் காப்பகத்தை வெர்னா பார்த்துக்கொண்டார். பெரிய ஆய்வாளர் என்று சொல்ல மாட்டேன். ஈரப் பாசியைக் காகிதத்தில் சுருக்கமில்லாமல் விரித்து ஒட்டத் தெரிந்தவர். மேசையில் டல்ஸ் பொட்டலம் எப்போதும் இருக்கும். காய்ந்த அந்தச் சிவப்புப் பாசியை மென்றபடியே வேலை செய்வார். இளம் வயதில், ஓர் ஓடை கடலில் சேரும் இடத்தில் குழாய் போன்ற பச்சைப் பாசி ஒன்றை எடுத்து வந்தார். அந்நாளில் நாங்கள் எல்லோரும் வடிவத்தைப் பார்த்துத்தான் பிரித்தோம்: குழாய் என்றால் ஒன்று, தட்டை என்றால் வேறு. வெர்னா அதைப் புது இனம் என்று எழுதினார். அச்சில் ஏறிய அவருடைய ஒரே பெயர் அதுதான்.

பிறகு மரபணுச் சோதனைக்காக ஒடீல் கார்மியே என்ற இளம்பெண் வந்தாள். நன்னீர் கலக்கும் இடங்களில் தட்டைப் பாசியே குழாயாக வளர்வதை அவளுடைய சோதனைகள் ஒவ்வொன்றாகக் காட்டின. வெர்னாவின் பாசி மட்டும் பாக்கி. அந்த ஓடை முகத்தில் படகுத்துறை கட்டியாகிவிட்டது. புதிதாகப் பறிக்க வழியில்லை. பெயருக்கு ஆதாரமாக இருந்தது அன்று ஒட்டிய மூலத்தாள் ஒன்றுதான். அதில் கத்தி வைக்க அனுமதி தர வேண்டியவரும் வெர்னாவே.

"ஓரத்துல கடுகளவு போதும், வெர்னா," என்றாள் ஒடீல்.

"எடுத்துக்கோ. அதுமேல காபி கொட்டினே, உன்னையும் காய வெச்சு ஒட்டிருவேன்."

அந்தக் கடுகளவில் எதுவும் வரவில்லை. பழைய தாள்களில் மரபணு சிதைந்துபோவது சகஜம். ஒடீல் திரும்பி வந்து நின்றாள்.

"விட்டுடலாங்க. சோதிக்க முடியலன்னு எழுதிடறேன். நீங்க வெச்ச பேரு அப்படியே நிக்கும்."

"பாவம் பாத்துக் குடுக்கறியாக்கும்?"

"ஐயோ, விதியே அதுதானே. மூலத்தாளை ரெண்டாவது தடவை வெட்டக் கூடாது. அதை எழுதிக் கதவுல ஒட்டினதே நீங்கதான்."

"நானா? எந்த மடச்சி எழுதினாளோன்னு நெனச்சிட்டிருந்தேன்."

நானும் அங்கே இருந்தேன். வெர்னா அதோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வெர்னா விரல்களைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். மாதிரி எடுக்கும்போது நாங்கள் எல்லோரும் கண்ணில் படாத ஓரத்தைத்தான் தேடுவோம். அவர், தாளில் இருந்தவற்றிலேயே நல்ல செடியின் நட்டநடுவில் கத்தியை வைத்து, கட்டைவிரல் நகத்தளவு வெட்டி ஒடீலிடம் கொடுத்தார்.

அது போதுமானதாக இருந்தது. பாறையில் எங்கும் வழுக்குகிற சாதாரணப் பச்சைப் பாசி என்று முடிவு வந்தது. வழக்கப்படி பழைய பெயர்ச் சீட்டைக் கிழிக்காமல், அதன் கீழே புதுச் சீட்டை வெர்னாவே ஒட்டினார். இன்று அந்தத் தாளைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது ஓட்டைதான்.

ஏன் நடுவில் வெட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஓரத்துல வெட்டினா யார் கண்ணுல படும்?" என்றபடி டல்ஸ் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.