கொழும்புக்குப் போன கெண்டைக்கால்

சங்கரன்கோவிலில் ஆவுடையப்பனைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அதற்கு ஆவுடையப்பன் பொறுப்பல்ல. தன்னைத் தெரியப்படுத்த அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாமனார் கொடுத்த விசைத்தறிகள், அவற்றை ஓட்டக் கூலிக்கு ஆட்கள், தான் ஓட்டுவதற்கு ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள். தறிச் சத்தம் காதுக்கு ஆகாது என்று காலையிலேயே வண்டியைக் கிளப்பிவிடுவார். புளியங்குடி வரை போவார், ஒரு காப்பி குடிப்பார், திரும்பி வருவார். வழியில் தூறல் விழுந்தால் யார் வீட்டுத் தாழ்வாரத்திலாவது வண்டியோடு ஒதுங்கிவிடுவார். அவருடைய மோட்டார் சைக்கிள் அனுபவம் மொத்தமும் இதுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம், அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஜெயசிங் ஊருக்கு வந்திருந்தான். கொழும்பில் இரும்புக்கடை வைத்திருந்தவன். அங்கே சில பேர் வருஷந்தோறும் கூட்டமாக மோட்டார் சைக்கிளில் நுவரெலியா மலைக்குப் போய் வருவதைப் பேச்சுவாக்கில் சொன்னான். "நீயும் வாயேன்லே, என் பி.எஸ்.ஏ. வண்டி சும்மாதான் நிக்கி" என்றும் சொல்லிவைத்தான். வாசல்வரை வந்தவனை "சாப்பிட்டுப் போ" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. ஆவுடையப்பன் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்போர்ட் வந்தது. தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒவ்வொரு கடையிலும் ஏறி, தான் இலங்கையை மோட்டார் சைக்கிளில் சுற்றப்போவதைச் சொன்னார். புறப்படும் அன்று சிநேகிதர்கள் மாலை போட்டார்கள். மாலையை வாங்கிக் கொடுத்தவர் அவரே. அவர் மனைவி அன்னக்கிளி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மழை பெஞ்சா அங்கன எங்க ஒதுங்குவீய?" அவர் மாலையைச் சரிசெய்துகொண்டார். அவள் கோவில் புற்றுமண்ணை ஒரு பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்தாள். ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். நெற்றியில் இடுவார்கள், தேள், பூரான் என்றால் கடிவாயிலும் தடவுவார்கள்.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் கொழும்பு போய்ச் சேர்ந்தார். கூட்டம் புறப்பட இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் ஊரைப் பார்த்துவிடுவது என்று ஜெயசிங்கின் வண்டியை எடுத்துக்கொண்டார். புறக்கோட்டைச் சந்தையைப் பார்த்து, சங்கரன்கோவில் சந்தையில் இன்னும் நெரிசல் என்றார். துறைமுகத்தைப் பார்த்து, கப்பல் எல்லாம் துருப்பிடித்திருக்கிறது என்றார். கடலைப் பார்த்து மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால் காலிமுகத்திடலில் வெள்ளைக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கமாக இறங்கினால்தான் தன் முகம் தெரியும் என்று, மடித்துக்கட்டிய வேட்டியோடு வண்டியின் வலது பக்கமாக இறங்கினார். சைலன்சர் இருக்கும் பக்கம் அது. வலது கெண்டைக்காலின் உள்பக்கம் அதில் ஒட்டி எழுந்தது.

சுட்ட இடத்தில் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எதையும் வைக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆவுடையப்பனோ ஜெயசிங் வீட்டுக்கு வந்து, ஒருவருக்கும் தெரியாமல் புற்றுமண்ணை எச்சிலில் குழைத்துக் கொப்புளத்தின் மேல் அப்பினார். அதன்மேல் இறுக்கமான பேன்ட்டை மாட்டிக்கொண்டு மறுநாளும் ஊர் சுற்றினார். அதற்கு மறுநாளும் சுற்றினார். புழுக்கத்துக்கும் வேர்வைக்கும் கொழும்பில் குறைவில்லை.

ஜெயசிங்கின் மனைவி ஜெயபாய் பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு படித்தவள். சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள்.

"அண்ணாச்சி, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல தாயி. கொசு."

"கொசு கடிச்சா இப்படி நாறாது. பேன்ட்டை மடிச்சு விடுங்க."

மடித்தார். ஜெயசிங் இலையை மூடிவிட்டு எழுந்து போனான்.

"என்னத்தப் பூசினீய?"

"கோவில் புத்துமண்ணு. அம்மன் பிரசாதம்."

"அம்மா நெத்தியில பூசச் சொன்னாளா, வெந்த தோல்ல பூசச் சொன்னாளா?"

"தேள்கடிக்கே கேக்கும் தாயி."

"இது தேள் இல்ல, சைலன்சர்."

வெந்நீரில் உப்புப் போட்டு ஆறவைத்து, காலை அதில் ஊறவைத்து, சதையோடு காய்ந்திருந்த மண்ணை இடுக்கியால் எடுத்தாள். ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பொறுமை இல்லாத நோயாளிகளை ஜெயபாய் நிறையப் பார்த்திருந்தாள், நிமிரவே இல்லை.

"ரணம் காயுற வரை வண்டி கிடையாது" என்றாள், கட்டுப் போட்டு முடித்து.

"நாளைக்குக் கூட்டம் கிளம்புது தாயி. நான் ஊருல என்ன சொல்லுவேன்?"

"சுட்டுச்சுன்னு சொல்லுங்க."

ஊரில் அதைச் சொல்ல முடிந்திருந்தால் அவர் ஆவுடையப்பனே இல்லை. விடிந்ததும் கட்டின் மேலேயே பேன்ட்டை ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கூட்டத்தை நடத்திப்போகும் டயர்க்கடை அப்துல் மஜீது கையைக் காட்டினதும் எல்லா வண்டியும் உறுமின. பி.எஸ்.ஏ.வை வலது காலால்தான் உதைத்துக் கிளப்ப வேண்டும். ஆவுடையப்பன் ஒரு உதை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. அவர் அப்படியே பெட்ரோல் டேங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தார். பேன்ட்டில் ஈரம் ஊறி வந்தது.

மஜீது இறங்கி வந்து பார்த்தார். நல்ல மனுஷர். "சாமான் ஏத்துன வேன் பின்னால வருது. அதுல ஏறிக்கங்க அண்ணாச்சி. மலையாவது பார்க்கலாம்."

வேனுக்குள் அரிசி மூட்டையும் சட்டி பானையும் ஒரு சமையல்காரரும் இருந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் கழுத்தில் காமிரா தொங்கிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் அரிசி மூட்டையையும் காமிராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "எனக்கு வேன் ஒத்துக்காது."

வண்டிகள் போய்விட்டன. புகை அடங்கியது. அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, இரும்புக்கடையின் பின்கட்டில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எதிரே சுவர். சுவரில் ஆணிப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஜெயபாய் ஊறிப்போன கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"தாயி, அந்த மலை ரொம்பக் குளிருமோ?"

"குளிரும். தேயிலைத் தோட்டம் கண்ணுக்கு எட்டுன மட்டும் பச்சையா கிடக்கும். அருவியெல்லாம் ரோட்டு ஓரத்துலயே விழும்."

அவர் எதிரே இருந்த ஆணிப்பெட்டிகளை எண்ணினார்.

"அந்த வேன் போயிருக்குமா?"

"போயாச்சு."

"கூப்பிட்டா நிக்குமா?"

"எங்க நின்னு கூப்பிடுவீய?" என்றாள் ஜெயபாய். "காலை நீட்டுங்க."