ட்ரம்மாசுரன் என்ன டைப்?

ஷூ டப்பா அட்டையை வெட்டி நாங்களே பூதங்களைச் செய்துகொண்ட கோடை விடுமுறை அது. எல்லாம் செல்போன் விளையாட்டில் பார்த்ததுதான். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு டைப் உண்டு: நெருப்பு, தண்ணீர், புல், கரண்ட், விஷம். தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் தண்ணீரைக் குடித்துவிடும். ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு இருந்தது ஒரே போன். அதுவும் காலையிலேயே அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போய்விடும். அதனால் எங்களுக்கு அட்டைதான்.

எனக்கும் அத்தை பையனுக்கும் ஆட்டத்தில் வந்த சண்டையைவிட டைப் போடுவதில் வந்த சண்டைதான் அதிகம். ஆட்டுப் பூதத்துக்கு நான் புல் டைப் போட்டேன். "புல்லு துன்னா புல் டைப்பா? அப்ப நீ இன்னா, இட்லி டைப்பா?" என்றான் படுபாவி. தெருவே சிரித்தது.

அவனிடம் ஒரு தேள் இருந்தது. விஷ டைப். ஒருமுறை கொட்டினால் போதும், அப்புறம் ரவுண்டுக்கு ஒரு உயிர் தானாகக் குறையும். என் பூதங்கள் வரிசையாகச் செத்து விழுந்தன. கடைசி ஆட்டத்தில் தோற்றால் என் அட்டை மொத்தமும் அவனுக்கு என்று பந்தயம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மிச்சமிருந்த ஒரே வெள்ளை அட்டையில் அப்பாவை வரைந்தேன். அப்பாவுக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. வீட்டு உயரம் இருக்கும் மர ட்ரம்மில் தோலைப் போட்டு, மருந்தை ஊற்றிச் சுழற்றுவார். மருந்து என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வோம். எட்டுக் கை வைத்து, 'ட்ரம்மாசுரன்' என்று பெயர் எழுதினேன். தினமும் நனைந்த பேன்ட்டோடு வருகிறவர் ஆயிற்றே, தண்ணீர் டைப் போட்டேன்.

"தண்ணியா? மூணே ரவுண்டுல என் தேளு காலி பண்ணிடும்!" என்று குதித்தான் அவன். "வேணும்னா மாமாவையே கேளு. அவரு சொல்றதுதான் டைப்பு." திமிரைப் பாருங்கள்!

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கை வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "இது நீதாம்ப்பா" என்று அட்டையைக் காட்டி, மூச்சு விடாமல் ஐந்து டைப்பையும் ஒப்பித்தேன். கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"விஷ டைப்புனா இன்னா பண்ணும்?"

"அதுக்கு விஷம் ஏறாதுப்பா. எத்தினி வாட்டி கொட்டினாலும் ஒன்னியும் ஆவாது."

"நெஜமாவா?"

"ஆமாம்ப்பா, ரூலே அதான்!"

"அப்ப எனக்கு அதையே போட்டுடு, கண்ணு."

அடேயப்பா, எனக்கு ஏன் இது தோன்றாமல் போயிற்று! தண்ணீரை அடித்துவிட்டு விஷம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். தேள் கொட்டியது. ட்ரம்மாசுரன் அசையவில்லை. மறுபடி கொட்டியது. ஊஹூம்! எட்டுக் கையாலும் நான் அடித்த அடியில் தேள் ஆறாவது ரவுண்டில் அவுட். அத்தை பையன் அட்டையை வீசிவிட்டு எழுந்து போனான். நான் வீடு அதிரக் குதித்தேன்.

"அப்பா, ஜெயிச்சிட்ட!" என்று அவர் மடியில் போய் விழுந்தேன். அவர் அட்டையை வாங்கி, எண்ணெய்க் கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பா, எத்தினி வருசம் ஆனாலும் ஏறாதில்ல?"

"ஐயோ அப்பா, இதுல வருசம்லாம் கிடையாது, ரவுண்டுதான்!"

அவரும் சிரித்தார். இவ்வளவு விளக்கியும் அப்பாவுக்கு ஆட்டம் புரியவே இல்லையே என்று அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.