மிஷினின் கழுத்தில் கட்டிய நூல்

இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு அண்ணன் வேப்பமரத்தடியில் குந்தியிருந்த அந்தக் காலை நேரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். டிராக்டரையும் பின்னால் மாட்டும் மிஷினையும் இணைக்கிற சுழல்தண்டு தேவைக்கு மேல் நான்கு விரற்கடை நீளமாக இருந்தது. சணல் கயிறு பிடித்து மூன்று தடவை அளந்தார். சுண்ணாம்பால் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். "அறுத்துட்டா ஒட்ட முடியாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நாலாவது தடவையும் அளந்தார். தன் சட்டைக்குப் பித்தான் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காத மனிதர் அவர்.

அண்ணன் பதினெட்டு வயதில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். பதினோரு வருஷம் கழித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், கறம்பக்குடிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது எல்லோரும் டிரங்குப் பெட்டியை எதிர்பார்த்தார்கள். வந்ததோ ஒரு மரக்கூண்டு. தோட்டத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது அவர் எடுத்த புதர் வெட்டும் மிஷின் அதற்குள் இருந்தது. கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்பு மூடி, அதன் அடியில் சுழலும் இரண்டு கனத்த கத்திகள், மேலே ஒரு பல்சக்கரப் பெட்டி. மணமேல்குடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரரிடம் பழைய டிராக்டர் ஒன்றையும் பேசி முடித்தார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. புதுக்கோட்டை லேத்துப் பட்டறைக்கும் வீட்டுக்குமாக ஒரு மாதம் அலைந்தார். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் டீச்சர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் காலடியில் புதிதாக ஏதாவது ஒரு இரும்புத் துண்டு கிடக்கும். வீடு முழுக்க கிரீஸ் வாசம். ஆத்தா முனகிக்கொண்டே சோறு போடுவாள், ஆனால் அவள் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். மலாயாவுக்குத் திரும்பிப் போக அவருக்குக் கொடுத்திருந்த அனுமதி ஆனி மாதத்தோடு முடிகிறது. அதற்குள் போகாவிட்டால் அப்புறம் அங்கே நுழைய முடியாது. மிஷின் ஓடி, சுற்று வட்டாரத்தில் சூரையும் காரையும் ஈச்சம்புதரும் மண்டிக் கிடந்த கரம்பு நிலங்களை வெட்டிக் கொடுக்கும் வேலை நிலைத்துவிட்டால், அந்த அனுமதிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு வேறு எந்த வேண்டுதலும் அந்த வருஷம் இல்லை.

புதிதாக வண்டி வாங்கினால் அதன் நுகத்தடியில் மஞ்சள் நூல் சுற்றி முடிச்சுப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். வீட்டுப் பெண்தான் அதைச் செய்ய வேண்டும். மிஷினுக்குப் பூசை போட்ட அன்று எனக்கு ஒரு குழப்பம் வந்தது. இதற்கு நுகத்தடி எது? டிராக்டரோடு மிஷினைச் சேர்த்துப் பூட்டுவது அந்தத் தண்டுதானே. "சுத்துற எடத்துல துணி, கயிறு எதுவும் படக்கூடாது" என்று அண்ணன் முதல் நாளே ஆத்தாவிடம் சொல்லியிருந்தார். என் காதிலும் அது விழுந்ததுதான். பூமாலையைத்தான் சொல்கிறார், ஒரு நூல் என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் டிராக்டருக்கு முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது, தண்டு பல்சக்கரப் பெட்டிக்குள் நுழைகிற கழுத்தில் ஒன்பது சுற்றுச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும், அண்ணன் போகக்கூடாது, அண்ணன் போகக்கூடாது என்று சொல்லி முடிச்சுப் போட்டேன்.

மிஷின் ஓடியது. எப்படி ஓடியது! ஆள் உயரப் புதர் அதற்கடியில் போய்த் தூளாக வெளியே வந்தது. தங்கள் நிலத்தையும் வெட்டித் தரவேண்டும் என்று ஆறு பேர் முன்கூட்டியே வந்து சொல்லிவைத்தார்கள். தூசியில் முழுகி வீட்டுக்கு வரும் அண்ணன் அந்தப் பதினைந்து நாளும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் குளித்தார். பதினாறாம் நாள் பல்சக்கரப் பெட்டி அலறிப் புகைந்து நின்றுபோனது.

புதுக்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் சாக்கை விரித்துப் பெட்டியைப் பிரித்தார். நான் மோர்ச் செம்போடு பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. சக்கரத்தில் பாதிப் பற்கள் போயிருந்தன. எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையத்தை அவர் நெம்பி எடுத்தார். அதன் பின்னாலிருந்து, கறுத்து முறுக்கேறி, என் நூல் வந்தது.

"வளையத்தை இதுதான் அறுத்துருக்கு. யாருங்க இங்க நூலக் கட்டுனது?"

"நாந்தான்" என்றார் அண்ணன். "புத்தி கெட்டுப்போய்க் கட்டிட்டேன்."

செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. லேத்துப் பட்டறையில் செய்துகொடுத்த சக்கரம் ஒரு மணி நேரம் தாங்கியது. சரியான சக்கரம் மலாயாவில்தான் கிடைக்கும். "போய் வாங்கிட்டு ரெண்டு மாசத்துல வந்துர்றேன்" என்று ஆனி மாதக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்.

மலாயாவில் அவர் மிஷினை ஏலத்தில் எடுத்த தோட்டத்தை அதற்குள் துண்டு போட்டு விற்றிருந்தார்கள். சக்கரம் கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது, பிறகு குடும்பம் வந்தது. டிராக்டரை விற்றோம். வெட்டிய கரம்பில் சூரை மறுபடி துளிர்த்தது. ஆத்தா போன பிறகு ஒரு நாள், இனி யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. நூல் கட்டியது நான்தான் என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிள்ளைகள் படிப்பு, மழை, முழங்கால் வலி என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் நாலு வரி எழுதியிருந்தார். "நீ கட்டும்போது தேங்காயும் கையுமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் உதடு அசைந்தது. என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று தெரிந்தது. அவிழ்க்க மனசு வரவில்லை."

அண்ணன் அங்கேயே கண்ணை மூடிவிட்டார். இப்போது நெடுஞ்சாலை ஓரங்களில் அதே மாதிரி மிஷின்கள் சர்வசாதாரணமாகப் புதர் வெட்டிக்கொண்டு போகின்றன. சத்தம் கேட்டால் பஸ்ஸில் இருந்தாலும் எட்டிப் பார்க்கிறேன். அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை திரும்பி வந்து, எதிரில் நின்று, என்னைத் திட்டியிருக்கலாம்.