ஏழு தும்மல்

கத்தியைக் காதோரம் வைத்தால் தாடையில்தான் எடுப்பார். அதே இடத்தில் இரண்டாம் முறை வைக்கிற வழக்கமே இல்லை. அதனால் தெருவே அவரை 'ஒரே இழுப்பு' என்று கூப்பிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஒரு மடக்கு நாற்காலியும் கையகலக் கண்ணாடியுமாகத் தொடங்கிய சலூனில் இன்றைக்கு மூன்று சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. யார் சிபாரிசும் கிடையாது, எல்லாம் அந்தக் கை சம்பாதித்தது. இந்த ஊரில் அவரிடம் தலையைக் கொடுக்காத பெரிய மனிதர் யாராவது இருந்தால், அவருக்கு வழுக்கை என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்ட கை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தவறிவிட்டது.

வந்தவர் வெளியூர்க்காரர், எழுபது வயது இருக்கும். நரைத்தும் மிடுக்குக் குறையாத முறுக்கு மீசை. மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாராம்.

"மீசைய ஓரம் மட்டும் தட்டிவிடு தம்பி. நாப்பத்தஞ்சு வருஷத்து மீசை, பாத்து."

"நம்ம கிட்டயா சொல்றீங்க? கண்ண மூடுங்கண்ணே. முழிச்சுப் பாத்தா மாப்பிள்ளை!"

கண்ணை மூடினாரே ஒழிய வாயை மூடவில்லை. "பின் தெருவுல ஒரு அச்சாபீஸ் இருந்துச்சே?"

"இடிச்சாச்சு. ஏன், அங்க இருந்தீங்களா?"

"எழுத்துக் கோத்தேன், ரெண்டு வருஷம். காகிதம் மடிக்க ஒரு பொண்ணு வரும்." குரல் இளகியது. "தூசி பட்டா தும்மும் பாரு, ஏழு தும்மல். கூடாது, குறையாது. நான் வேலைய விட்டுட்டு எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேன். கட்டுனா இவளத்தான்னு இருந்தேன். வேற ஊருல வேலை கெடச்சுது. எங்கயோ போயிருச்சு எல்லாம்."

கறுக்.

மீசையின் வலது முனை மடியில் விழுந்தது.

அச்சாபீஸில் காகிதம் மடித்து ஏழு தும்மல் போடுகிற பெண் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருத்தி அவர் வீட்டில் இருந்தாள். நாற்பத்தோரு வருடமாக, அவள் வீடு பெருக்கும்போது வருகிற அந்த ஏழு தும்மலைக் கேட்டுத்தான் அவர் கண் விழிக்கிறார். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் சொன்னாள்: "மீசைய எடுத்துடுங்களேன். மீசை பக்கத்துல வந்தா எனக்குத் தும்மல்." ஆசையாகக் கேட்கிறாளே என்று அன்றே மழித்தவர், அப்புறம் வைக்கவேயில்லை. அப்படியானால், கல்யாணத்துக்கு முன்னாலேயே எந்த மீசை அவள் பக்கத்தில் வந்தது?

வலதுக்குச் சரியாக இடது, இடதுக்குச் சரியாக வலது என்று வெட்டிக்கொண்டே போனார். கடைசியில் சரிபார்க்க மீசையே மிஞ்சவில்லை. வந்தவர் கண்ணைத் திறந்து உதட்டைத் தடவினார்.

"அடப்பாவி! எங்கய்யா மீசை?"

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு கேரியரோடு மனைவி உள்ளே நுழைந்தாள். பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. அச்! ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்து எண்ணினார்கள். "ஏழு" என்று ஒன்றாக முடித்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க இவரு?" என்றாள். அடையாளம் தெரியவில்லை. சலூன்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிற்று. ஆனால் பொய்யில் பிழைத்தவர் இல்லையே அவர்.

"அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தவராம்."

"அட! மீசையக் காணோம்?"

"உன் வீட்டுக்காரரைக் கேளு தாயி!" என்று அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. இருவரும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் பழைய முதலாளியின் உறுமலைப் பற்றியும் பேசினார்கள். அவர் விடைபெற்றுப் போனதும் சலூன்காரர் துண்டை உதறினார். ஏற்கெனவே உதறிய துண்டுதான்.

"உனக்கும் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிச்சிருந்துச்சுதான். இல்லைன்னு சொன்னா பொய்." கேரியரைத் திறந்தாள். "ரெண்டு வருஷம் உக்காந்து எண்ணினாரு. ஒரு நாள்கூட எந்திரிச்சு ஜன்னலத் தொறக்கல. நீங்க எங்க வீட்டுக்குப் பேச வந்தன்னிக்கு, ரெண்டாவது தும்மலுக்கே போய்த் தொறந்தீங்க. மூணோட நின்னுச்சு."

"அப்ப அந்த மீசைத் தும்மல்?"

"அதுவா?" அவள் தட்டைப் பார்த்தாள். "சும்மா சொன்னது. உங்க மீசை கோணல். இடது பக்கம் ஏத்தம். தொழில்காரர்கிட்ட அத எப்படிங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

"கோணலா? என் கையால வெட்டினதா?"

"கண்ணாடியில பாத்து வெட்டினதாலயோ என்னவோ. சாப்பிடுங்க, ஆறுது."

பழைய காதலை அவர் சாப்பாடு முடிவதற்குள் மறந்துவிட்டார். கோணலைத்தான் மறக்க முடியவில்லை. அன்றே மீசை வளர்க்க ஆரம்பித்தார். நான்காவது வாரம், பார்த்துப் பார்த்து வெட்டி, முகத்துக்குப் பவுடரும் போட்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"இப்பச் சொல்லு."

இடமிருந்து பார்த்தாள், வலமிருந்து பார்த்தாள், பக்கத்தில் வந்து பார்த்தாள். அச்!

அவர் எண்ணவில்லை. போய் ஜன்னலைத் திறந்தார்.