விளக்கிய பாத்திரத்தை விளக்கும் மிஷின்

"அண்ணே, ஒரு மிசினைக் கொல்லணும். என்ன கேப்பீக?"

போன வியாழக்கிழமை காலை கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பேச்சி இப்படிக் கேட்டாள்.

காரைக்குடியில் இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுகிறேன், வயரிங் வேலை பார்க்கிறேன். செத்துப்போன மிஷினுக்கு உயிர் கொடு என்று வருவார்கள். உயிரோடு இருப்பதைச் சாகடி என்று ஒருத்தரும் வந்ததில்லை. கூலி பேசிக் கொல்கிற பழக்கம் மிஷின் வரைக்கும் வந்துவிட்டதா?

பேச்சியை உங்களுக்குத் தெரியாது. அமராவதிபுதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு செட்டியார் வீட்டில் பாத்திரம் விளக்குகிறாள். வயது நாற்பது இருக்கும். வாய்க்கு மட்டும் அறுபது.

அந்த வீட்டு ஆச்சிக்கு மகன் பினாங்கில் இருக்கிறான். எட்டு மாதத்துக்கு முன்னால் கப்பலில் ஒரு பெரிய பெட்டி அனுப்பினான். நாகப்பட்டினத்தில் இறங்கி, லாரி ஏறி வந்து சேர்ந்தது. உள்ளே என்ன? பாத்திரம் கழுவும் மிஷின்! கதவைத் திறந்து தட்டுகளை அடுக்கி, சோப்புத்தூளைப் போட்டு, கதவைச் சாத்திக் குமிழைத் திருகினால் போதும். தானே வெந்நீர் அடித்துக் கழுவி, தானே காயவைத்துவிடும். தெருவே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை... அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

"மிசினு வந்தா உனக்கு வேலை மிச்சம்தானே? அதை ஏன் கொல்லணுங்கிறே?"

"மிச்சமா? கேளுங்க கதைய. மொதல்ல ஏனம் பாத்திரத்தை நான் வெளக்கணும். அப்புறம் அது வெளக்கும். அது வெளக்குனதை மறுக்கா நான் வெளக்கணும். கடேசியில அந்த மிசினையே வெளக்கணும். முன்னெல்லாம் பத்து மணிக்கு வீட்டுக்குப் போயிருவேன். இப்ப மூணு மணி பஸ்ஸு. இடுப்பு தனியா வருது, நான் தனியா வாரேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"இப்படி ரெண்டு தடவ வெளக்கச் சொல்லி யாரு சொன்னது?"

"ஆச்சிதான். 'எம் மகன் அனுப்புன மிசினுக்கு எச்சி ஏனத்தையா குடுப்பே, வெளக்கிட்டுப் போடுடி'ங்கிறாக. வெளியே எடுத்தா, 'உள்ள அம்புட்டுப் பேரு எச்சியும் ஒரே தண்ணியில சுத்துது, வெளக்கிட்டு அலமாரியில வையிடி'ங்கிறாக."

யோசித்துப் பாருங்கள். முதல் விளக்கல், பாத்திரத்திடமிருந்து மிஷினைக் காப்பாற்ற. இரண்டாவது விளக்கல், மிஷினிடமிருந்து பாத்திரத்தைக் காப்பாற்ற. பேச்சியைக் காப்பாற்ற மட்டும் ஒரு விளக்கலும் கிடையாது!

இருந்தாலும் அது அவர்கள் வீட்டு விவகாரம். நமக்கென்ன?

"போ தாயி, கொலைக்கெல்லாம் நான் வர மாட்டேன். நீயும் ஆச்சியும் பேசித் தீத்துக்குங்க."

போகத் திரும்பியவள் நின்றாள். "சரிண்ணே, கொல்ல வேணாம். கடிக்காமயாவது பண்ணிக் குடுங்க."

"கடிக்குதா?"

"கதவைத் தொட்டா சுருக்குங்குது. ஒரு வாரமா இப்படித்தான். நேத்து முழங்கை வரைக்கும் இழுத்துருச்சு. ஆச்சிட்டச் சொன்னேன். மணைப் பலகை மேல ஏறி நின்னுக்கிட்டுத் தொடுங்கிறாக."

எனக்குக் கோபம் வந்தது. வழக்கம் போல என்கிறீர்களா? வழக்கம் போலத்தான்.

ஈரத் தரை, வெறுங்கால், ஈரக் கை, இரும்புக் கதவு, அதில் கரண்ட். இதற்கு மருந்து ஒரு மரப்பலகையாம்! இன்றைக்குப் பலகை காய்ந்திருக்கும், பிழைத்தாள். நாளைக்கு நனைந்திருந்தால்? மிஷின் 'சுருக்' என்றால் அது விளையாட்டு இல்லை ஐயா. "இன்றைக்கு விட்டேன், நாளைக்கு விட மாட்டேன்" என்று நோட்டீஸ் கொடுக்கிறது. நாம் நோட்டீஸைப் படிக்காமல் மணை தேடுகிறோம்.

டெஸ்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு கடையைச் சாத்தாமலே நடந்தேன்.

ஆச்சி பின்கட்டில் நின்றிருந்தார். ஒல்லி உடம்பு. குரல் மட்டும் நாலு கட்டுக்கும் கேட்கும்.

"வாப்பா சுப்பையா. இவ கூட்டியாந்தாளாக்கும்? எல்லாம் நடிப்பு. வேலைக்கு உடம்பு வளையல, மிசினு மேல பழி போடுறா."

"நீங்க தொட்டுப் பாத்தீகளா ஆச்சி?"

"நான் எதுக்குத் தொடணும்?"

இதுதான் பதில். இதை அப்படியே எழுதிச் சுவரில் மாட்டலாம்.

மிஷின் வெள்ளை வெளேரென்று நின்றது. நெற்றியில் சந்தனம், குங்குமம். கதவில் டெஸ்டரை வைத்தேன். அதிலிருக்கிற குட்டி லைட் பளிச்சென்று எரிந்தது. ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"லைட்டு நல்லாத்தானே எரியுது?" என்றார்.

"இது எரியக் கூடாது ஆச்சி! இது எரிஞ்சா ஒரு நாளைக்குப் பேச்சி எரிஞ்சு போவா!"

நான் மெயினை அணைத்து, பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு பிளக்கைப் பார்த்தேன். மூன்று பின்னில் பெரிய பின் இல்லை. ரம்பம் வைத்து அறுத்திருந்தார்கள்.

"இந்தக் காலை எவன் அறுத்தது?"

"ஆசாரிதான். கதவு ரிப்பேருக்கு வந்திருந்தான். மிசினுக்கு மூணு காலு, நம்ம செவத்துல ரெண்டு ஓட்டை. என்ன பண்ணச் சொல்றே? 'ஒரு காலை எடுத்துருப்பா'ன்னேன். ரெண்டு காலுலயே நல்லாத்தானப்பா ஓடுச்சு?"

ஓடும். ஓடத்தான் செய்யும்! அந்தப் பெரிய பின் மிஷின் ஓடுவதற்காக வைத்ததில்லை. நாம் உயிரோடு இருப்பதற்காக வைத்தது. அதுதான் எர்த். மிஷினுக்குள் கரண்ட் வழி தவறினால் அதைப் பிடித்து மண்ணுக்குள் தள்ளுகிற கால். அந்தக் காலை வெட்டிவிட்டால் கரண்ட் எங்கே போகும்? வேறு ஒரு கால் வரும் வரை காத்திருக்கும். பேச்சியின் கால்.

அடுத்து மிஷினின் அடிவயிறு. அங்கே ஒரு சல்லடைத் தட்டு இருக்கும். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, மீன் முள் எல்லாம் அதில் தங்கும். வாராவாரம் கழற்றி அலசியாக வேண்டும். எட்டு மாதமாக யாரும் தொடவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கழற்றினேன்.

சோறு இருந்ததா? ஒரு பருக்கை இல்லை. தேங்காய் நார், புளிச் சக்கை, சாம்பல், செங்கல் பொடி! பேச்சி முதலில் போட்டுத் தேய்த்த சாமான்கள் அத்தனையும் அடை தட்டி உட்கார்ந்திருந்தன. பினாங்கிலிருந்து கடல் கடந்து வந்த மிஷின், எட்டு மாதமாக ஒரு வாய்ச் சோற்றைக் கூடக் கண்ணால் பார்க்கவில்லை.

"சோப்புத்தூளு எது போடுறீக?"

"மகன் அனுப்புனது ரெண்டு மாசத்துல தீந்துருச்சு. துணி தொவைக்கிற தூளு போடுறோம். ரெண்டு கை."

"நுரை வருமே ஆச்சி?"

பேச்சி முந்திக்கொண்டாள். "வருமாவா? கதவிடுக்குல பொங்கிக்கிட்டு முற்றம் பூரா ஓடும்ணே. ஆட்டுக்குட்டி உள்ள போனாத் தேட முடியாது. வாளியில அள்ளி அள்ளிக் கொட்டுவேன்."

"நுரை வந்தாத்தானே அழுக்குப் போகும்?" என்றார் ஆச்சி.

அந்த நுரைதான் வழிந்து வழிந்து மோட்டார் வயரில் ஊறியிருந்தது. அதிலிருந்து கரண்ட் மிஷின் உடம்புக்கு ஏறிவிட்டது. தப்பை நுரை செய்தது. காப்பாற்ற வேண்டிய காலை ஆசாரி அறுத்தான். சுருக்கென்று வாங்கியது பேச்சி.

"ஞாயித்துக்கெழம தேவகோட்டையிலேருந்து சம்பந்தி வீட்டுல வாராக" என்றார் ஆச்சி. "மிசினு ஓடுறதைப் பாக்கணும்னே வாராக. அதுக்குள்ள ஓடணும் சுப்பையா."

ஆச்சிக்குப் பின்னால் தூணோரம் நின்று பேச்சி தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று.

'இது முடிஞ்சு போச்சு ஆச்சி, பழைய இரும்புக்குப் போடுங்க' — ஒரே வாக்கியம். பேச்சிக்குப் பத்து மணி பஸ் திரும்பக் கிடைக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மகன் அனுப்பியதை எந்த ஆச்சி பழைய இரும்புக்குப் போடுவார்? நான் போனதும் அந்த ஆசாரியைக் கூப்பிடுவார். அவன் இன்னொரு காலையும் அறுப்பான்.

அதனால் ஒழுங்காகவே செய்தேன். இரண்டு நாள் வேலை. மூன்று ஓட்டை சாக்கெட்டும் புது பிளக்கும் போட்டேன். மோட்டாரைக் காயவைத்து வயரை மாற்றினேன். கதவு ரப்பரைத் துடைத்தேன். கொல்லையில் குழி வெட்டிக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் கொடுத்தேன். குழி காயாமல் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"உப்பு, கரி, தண்ணி... என்னப்பா இது, பரிகாரமா?"

"ஆமா ஆச்சி. ஆசாரி செஞ்ச பாவத்துக்கு."

சனிக்கிழமை காலை பீஸ் கட்டையை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். மிச்சம் மீதியை வழித்துப் போட்டுவிட்டு அப்படியே அடுக்கு, விளக்காதே. துணித்தூள் ஒரு சிட்டிகை கூடாது. மகனிடமிருந்து தூள் வருகிற வரைக்கும் வாஷிங் சோடா ஒரு கரண்டி போடு, அது நுரைக்காது. பித்தளையைப் போடாதே, கறுத்துவிடும். சல்லடையை வாராவாரம் அலசு. பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கை விடாதே. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் நானே வந்து அடிப்பேன்.

"எல்லாம் சரி. எச்சித் தண்ணி?" என்றார் ஆச்சி. விடுவாரா?

கழிவுக் குழாயை எடுத்து வாளிக்குள் விட்டேன். பேச்சி விளக்காத தட்டுகளை அடுக்கினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக! மிஷின் ஓடியது. முதல் தண்ணீர் ரசம் மாதிரி வந்தது. கொட்டினேன். அடுத்தது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. கொட்டினேன். அதற்கடுத்தது லேசாகக் கலங்கி வந்தது. ஆச்சி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"பாத்தீகளா? ஒரே தண்ணி சுத்தல. மாத்தி மாத்திப் பிடிக்குது. பேச்சி, நீ அலசுறப்ப அண்டாத் தண்ணியை எத்தனை தடவ மாத்துவே?"

"ஒரு தடவண்ணே" என்றவள், ஆச்சியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதோடு இரண்டு விளக்கலும் ரத்து. மிஷின் அதுபாட்டுக்கு ஓடியது. இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று பேரும் சும்மா நின்றோம்.

ஆச்சியால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? இரண்டு நிமிஷம்.

"ஏண்டி, மசமசன்னு நிக்கிறே? மாடியில பீங்கான் மங்குச் சட்டியெல்லாம் தூசி அடைஞ்சு கெடக்கு. ஒண்ணு விடாம எடுத்தாந்து கழுவு. அப்புறம் குத்துவெளக்கெல்லாம் தேய்க்கணும். அப்புறம்..."

எந்த மிஷின் வந்தாலும் இதுதான் நடக்கிறது. மிச்சமாகிற நேரம் வேலை செய்தவருக்குப் போவதில்லை. வேலை சொல்கிறவருக்குப் போகிறது. ஆச்சியை மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த அன்றைக்கு என் மனைவியிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இனி தினம் இட்லியே போடலாமே!" அறிவு கெட்டவன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பேச்சி மாடிக்குப் போகவில்லை. மிஷினிலிருந்து நாலடி தள்ளி, ஈரமில்லாத தரையாகப் பார்த்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"முடியாது ஆச்சி. மிசினு ஓடுறப்ப ஒரு ஆளு அங்குட்டு இங்குட்டு நகராம, கண்ணை எடுக்காம உக்காந்து பாக்கணும்னு அண்ணன் சொல்லிருக்காக."

நான் சொல்லவே இல்லை. சத்தியமாக.

"அப்படியா சுப்பையா?"

பேச்சி என் பக்கம் திரும்பவில்லை. மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமல்.

நானும் மிஷினைப் பார்த்தேன். நுரையில் ஊறிக் காய்ந்த மோட்டார். எட்டு மாதம் சாம்பல் தின்ற ரப்பர். எந்த நிமிஷம் எங்கே ஒழுகும் என்று யாருக்குத் தெரியும்? ஒருத்தர் பார்க்கத்தானே வேண்டும்?

"ஆமா ஆச்சி. கண்டிப்பாப் பாக்கணும்."

"எத்தன நாளைக்கு?"

"மிசினு இருக்கிற வரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஒழுகவில்லை, கடிக்கவில்லை, நுரைக்கவில்லை. தூணோரம் உட்கார்ந்திருந்த பேச்சியைக் காட்டி ஆச்சி அவர்களிடம் சொன்னாராம்: "மிசினு வாங்குனாப் போதுமா? கண்ணை எடுக்காமப் பாத்துக்கிற ஆளு வேணும். எல்லா வீட்டுலயும் முடியாது."

ஆகவே, பாத்திரம் கழுவும் மிஷின் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்... அது ஓடுகிறபோது பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்தே ஆக வேண்டும். காலை நீட்டிக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு.